சொன்னது சரிதான், ஆனால் அந்தப் பையன் அப்புறம் வரவே இல்லை

கடைசிப்பெஞ்சு (இழையைத் தொடங்கியவர்):

எல்லாருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்கிறவன், எழுதுவது குறைவு. ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது, கேட்டுவிடுகிறேன்.

வாரம் ஒருநாள் எங்கள் வீட்டில் வேதபாடம் நடக்கும். பன்னிரண்டு பதிமூன்று பேர் வருவார்கள், நடத்துவது நான். இரண்டு மாதமாக ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். விசுவாசத்துக்குப் புதியவன், அவன் வீட்டில் வேறு யாரும் கிறிஸ்தவர் இல்லை. நோட்டு ஒன்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுதுவான். அன்றைக்கு உழைப்பைப் பற்றிப் பேச்சு போய்க்கொண்டிருந்தது. அவன் உற்சாகமாகி, "அதான் நீதிமொழிகள்லயே இருக்கேண்ணா, தன் கையே தனக்கு உதவின்னு" என்றான்.

அப்படி ஒரு வசனமே கிடையாது. நான், "எந்த அதிகாரம் தம்பி?" என்றேன். ஞாபகம் இல்லை என்றான். விட்டிருக்கலாம். விடாமல் என் பைபிளை எடுத்து அவன் கையில் கொடுத்து, "எடுத்து வாசிங்க, நாங்க காத்திருக்கோம்" என்றேன். அவன் நிஜமாகவே தேட ஆரம்பித்துவிட்டான். நீதிமொழிகள் மொத்தம் 31 அதிகாரம், எங்கே என்று தேடுவான்? பக்கம் புரட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது, அப்புறம் யாரோ சிரித்தார்கள், அப்புறம் இன்னும் இரண்டு பேர். உள்ளே நான் அடையாளத்துக்குச் செருகியிருந்த அட்டை கீழே விழுந்தது. குனிந்து எடுத்தவன், அது எந்தப் பக்கத்தில் இருந்தது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதற்கப்புறம்தான் நான், "அது பைபிள்ல இல்ல தம்பி, வெறும் பழமொழி" என்று விளக்கினேன்.

ஐந்து வாரமாக ஆள் வரவில்லை. வீட்டம்மா சொன்னது ஒரே வரி: "நீங்க சொன்னதுல தப்பு இல்ல, ஆனா அந்த அட்டைய அவன் திருப்பித் தந்தத நீங்க பாக்கல."

என் கேள்வி இதுதான். சத்தியத்தைச் சத்தியமாகச் சொல்வதில் தொனி அவ்வளவு முக்கியமா? இயேசுவே "விரியன்பாம்புக்குட்டிகளே" என்று திட்டவில்லையா?

பட்டயம்:

முக்கியமில்லை பிரதர். சத்தியம் என்றால் சுடத்தான் செய்யும். கலாத்தியர் 2:11-ல் பவுல் பேதுருவை முகமுகமாய் எதிர்த்தார், அதுவும் எல்லார் முன்பாகவும். இன்றைக்குச் சபைகளில் யாரும் யாரையும் திருத்துவதில்லை, தப்பான உபதேசம் பரவுவதற்குக் காரணமே இந்த "மனசு நோகக்கூடாது" வியாதிதான். இல்லாத வசனத்தை இருக்கிறது என்று சொன்னால் கேட்கத்தான் வேண்டும். உங்கள் மேல் தப்பில்லை.

மூன்றாம் வரிசை:

பட்டயம் அண்ணா, நீங்கள் இருவரும் காட்டுகிற இரண்டு இடத்திலும் திட்டு வாங்கியது யார் என்று பாருங்கள். விரியன்பாம்பு என்று இயேசு திட்டுகிற மத்தேயு 23 தொடங்குவதே வேதபாரகரும் பரிசேயரும் "மோசேயினுடைய ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்றுதான். அதாவது போதிக்கிற இடத்தில் இருந்தவர்கள், அடுத்தவர் தோள்மேல் சுமக்க முடியாத சுமையை ஏற்றிவிட்டு ஒரு விரலால்கூடத் தொடாதவர்கள். பேதுருவோ சபையின் தூண், அவர் யூதரல்லாதவர்களோடு சாப்பிட்ட பந்தியிலிருந்து விலகியதால் மற்ற யூதரும் விலகினார்கள், பர்னபாவும்கூட இழுபட்டார். கடுமை எல்லாம் மேலே இருந்தவர்களுக்குக் கிடைத்தது. கீழே இருந்தவர்களிடம் இயேசு பேசியதை எடுத்துப் பாருங்கள், ஐந்து புருஷர் இருந்த சமாரியப் பெண்ணிடம் அவர் முதலில் பேசியது, "தாகத்துக்குத் தா." உண்மையையும் சொன்னார், மறைக்கவில்லை, ஆனால் அதற்கு முன்னால் அவளிடமே கேட்டு வாங்குகிற நிலைக்கு இறங்கினார்.

கடைசிப்பெஞ்சு அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த அறையில் மோசேயின் ஆசனத்தில் உட்கார்ந்திருந்தது யார்? அந்தப் பையன் இல்லையே.

கடைசிப்பெஞ்சு:

கோபம் இல்லை தங்கச்சி. கொஞ்சம் குத்தியது, அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் எபேசியர் 4:15-ஐ என்ன செய்வது? அன்போடு சத்தியத்தைப் பேச வேண்டும் என்றுதானே இருக்கிறது. நான் அன்பு இல்லாமல் சொன்னேன் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவன் மேல் எனக்கு அன்பு இருந்தது. அவனை வளர்க்க வேண்டும் என்றுதான் கேட்டேன்.

ஊசியும்நூலும்:

ஒரு சின்னத் திருத்தம் (நான் ஊரைக் கூட்டாமல் சொல்கிறேன் 🙂). நம் பழைய மொழிபெயர்ப்பில் அங்கே "பேசி" என்றே இல்லை, "அன்புடன் சத்தியத்தைக் கைக்கொண்டு" என்று இருக்கிறது. கிரேக்கத்தில் அது ஒரே வினைச்சொல், சத்தியமாய் இருப்பது, நடப்பது, பேசுவது எல்லாம் அதில் அடக்கம். அதனால் வாயிலிருந்து வந்த வாக்கியம் சரியா என்று மட்டும் பார்த்தால் பாதிதான். பைபிளைக் கையில் கொடுத்தது, காத்திருந்தது, சிரிப்பை நிறுத்தாமல் விட்டது, இதெல்லாமும் அந்த வார்த்தைக்குள் வரும்.

எனக்கு இதைவிடப் பிடித்த வசனம் கலாத்தியர் 6:1. ஒருவன் குற்றத்தில் அகப்பட்டால் "சாந்தமுள்ள ஆவியோடே அப்படிப்பட்டவனைச் சீர்பொருந்தப்பண்ணுங்கள்." இந்தச் "சீர்பொருந்தப்பண்ணு" என்பதற்கு மூலத்தில் இருக்கிற அதே வினைச்சொல் மத்தேயு 4:21-லும் வருகிறது, யாக்கோபும் யோவானும் படவில் உட்கார்ந்து வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில். என் தாத்தா வலைக்காரர், அதனால் இது எனக்குக் கண்ணில் நிற்கிற காட்சி. கிழிசலை மடியில் விரித்துப் போட்டுக்கொள்வார். முதலில் கத்தி எடுத்துப் பிய்ந்த நூலை வெட்டுவார், ஆமாம், வெட்டத்தான் செய்வார், வெட்டாமல் புது நூல் பிடிக்காது. ஆனால் எவ்வளவு வெட்டுவது என்பதில்தான் வேலையே இருக்கிறது, நல்ல கண்ணி ஒன்றுகூடப் போகாமல், முடிச்சு நிற்கிற இடம் வரைக்கும் மட்டும். அப்புறம் பக்கத்துக் கண்ணியின் அளவுக்கே புதுக் கண்ணி போட வேண்டும், இழுத்துக் கட்டினால் வலை அந்த இடத்தில் சுருங்கிப்போய் மறுபடி அங்கேயே கிழியும். ஒரு கிழிசலுக்கு அரைநாள் போகும். வலையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டி "பாருங்க, எவ்வளவு பெரிய ஓட்டை" என்று அவர் சொல்லி நான் பார்த்ததில்லை.

பட்டயம்:

நல்ல விளக்கம், ஒப்புக்கொள்கிறேன். வெட்டுவதும் உண்டு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அது போதும் எனக்கு 😀

பங்குப்பறவை:

கத்தோலிக்கன் ஒருவன் உள்ளே வரலாமா? உங்கள் பைபிளில் ஆவியின் கனிகளில் "தயவு" என்று இருக்கிற இடத்தில் எங்கள் திருவிவிலியத்தில் "பரிவு" என்று இருக்கும். ரொம்ப நாளாக இது என்னை யோசிக்க வைத்த விஷயம். தயவு என்கிற சொல்லை இன்றைக்கு நாம் எங்கே பயன்படுத்துகிறோம்? "அவர் தயவில் வேலை கிடைத்தது", "யார் தயவும் எனக்குத் தேவையில்லை." அதில் மேலே ஒருத்தர் கீழே ஒருத்தர் இருக்கிறார்கள். கொடுக்கிறவர் கை மேலேதான் இருக்கும். பரிவு அப்படியில்லை, பக்கத்தில் உட்காருகிற சொல். இரண்டு மொழிபெயர்ப்பும் சரிதான், சண்டைக்கு வராதீர்கள். ஆனால் நாம் செய்கிற பல நல்ல காரியம் தயவாக மட்டும் நின்றுபோகிறது என்று எனக்குப் படுகிறது, பரிவு வரைக்கும் வருவதில்லை. திருத்துவதிலும் அப்படித்தான்.

மூலத்தில் இதற்கு அடிச்சொல் கிரேஸ்தோஸ். "என் நுகம் மெதுவாயும், என் சுமை இலகுவாயும் இருக்கிறது" என்பதில் அந்த "மெதுவாய்" இதே சொல்தான். கழுத்தை உரசாத நுகம். நீங்கள் எப்போதாவது சரியாக இழைக்காத பிடி உள்ள கருவியைப் பிடித்து ஒருநாள் முழுக்க வேலை செய்திருந்தால் தெரியும், கனம்கூடத் தாங்கலாம், உரசல்தான் தோலை எடுத்துவிடும். இன்னொரு வேடிக்கை, கிறிஸ்தோஸ் (கிறிஸ்து), கிரேஸ்தோஸ் இரண்டும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலக் கேட்டதால், வெளியே இருந்தவர்கள் நம் பெயரையே தப்பாகச் சொன்னார்கள். 197-ஆம் ஆண்டுவாக்கில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் இருந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் இதை எடுத்துப் பேசுகிறார், நீங்கள் எங்களைத் தப்பாகக் கூப்பிட்டால்கூட அது இனிமை, நற்குணம் என்றுதான் பொருள்படுகிறது என்று. தப்பாகச் சொன்ன பெயரே பொருந்திப்போனது. இன்றைக்கு நம்மை யாராவது அப்படித் தவறிக் கூப்பிடுவார்களா, தெரியவில்லை.

ஒற்றைவிளக்கு:

எல்லாரும் அழகாக எழுதுகிறீர்கள். நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றப்போகிறேன், மன்னிக்கவும்.

"அன்பாகப் பேசு" என்பதை என் வாயை அடைக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள். எந்தச் சபை, எப்போது என்று சொல்லமாட்டேன். பொறுப்பில் இருந்த ஒருவர் பெண்களிடம் பேசுகிற விதம் சரியில்லை என்று நான் சொன்னபோது, விசாரிப்பதற்குப் பதில் என்னைத்தான் உட்காரவைத்துப் பேசினார்கள். "சிஸ்டர், உங்க வார்த்தையில கசப்பு தெரியுது, எபேசியர் 4:31 வாசிங்க." வாசித்தேன். சகலவிதமான கசப்பும் கோபமும் நீங்கக்கடவது. சரி. ஆனால் அதே அதிகாரத்தில் ஐந்து வசனம் முன்னால், நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள் என்று இருக்கிறதே, கோபமே வரக்கூடாது என்று இல்லையே. அதையும் வாசித்துக் காட்டினேன், "பாத்தீங்களா, வாக்குவாதம் பண்றீங்க" என்றார்கள்.

அந்த அறையில் எல்லாருமே மெதுவான குரலில்தான் பேசினார்கள். ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை. மெதுவான குரலில் ஒரு ஆளை எவ்வளவு கொடுமையாக நடத்த முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அதனால் தொனி தொனி என்று நீங்கள் பேசும்போது எனக்கு உள்ளே ஒரு பயம் வருகிறது.

பட்டயம்:

சிஸ்டர், இதில் நான் உங்கள் பக்கம். மத்தேயு 18:15 முதல் 17 வரை வழிமுறையே கொடுத்திருக்கிறார். முதலில் தனியாக, கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்கு. முதல் படியை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த இரண்டையும் கிழித்துப்போட்டால் அது தயவும் இல்லை பரிவும் இல்லை. அந்தப் பொறுப்பாளருக்கே அது நல்லதில்லை. எசேக்கியேல் 34-ஐ அவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டியிருக்க வேண்டும், ஆடுகளை மேய்க்காமல் தங்களையே மேய்க்கிற மேய்ப்பர் என்று.

ஒற்றைவிளக்கு:

நன்றி அண்ணா. இந்த இழையில் உங்களிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை 🙂

இரவுப்பணி:

நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்பவள். எனக்குத் தெரிந்தது வேதாகம மொழியெல்லாம் இல்லை, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டது மட்டும்தான்.

குழந்தையை இழந்த ஒரு தாய். மறுநாள் சபையிலிருந்து ஆறேழு பேர் வந்தார்கள், நல்லவர்கள்தான், மனதார வந்தவர்கள். ஒருவர், "கர்த்தர் தோட்டத்துக்கு ஒரு பூ தேவைப்பட்டுது" என்றார். இன்னொருவர், "எல்லாம் நன்மைக்கு ஏதுவாத்தான் நடக்கும்" என்றார். அந்தப் பெண் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் போனபிறகு என்னிடம், "சிஸ்டர், கதவ சாத்திருங்க" என்றாள். சாயங்காலம் வயதான அம்மா ஒருவர் தனியாக வந்தார். ஒன்றுமே பேசவில்லை. தலைமாட்டில் இருந்த தண்ணீர் பாட்டில் காலியாக இருந்ததைப் பார்த்து, எடுத்துப்போய் நிரப்பிக்கொண்டு வந்து, மூடியைத் தளர்த்தி வைத்தார், அவளுக்கு ஒரு கையில் ஊசி போட்டிருந்தது, மூடியைத் திருக முடியாது. அந்த மூடி விஷயம் எனக்கே தோன்றவில்லை, அது என் வேலை. முக்கால் மணிநேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

யோபுவின் சிநேகிதர்களை எல்லாரும் திட்டுகிறோம். ஆனால் முதல் ஏழு நாள் அவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அது வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தபிறகுதான் "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" ஆனார்கள். எலியா சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோதும் தூதன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. அப்பமும் தண்ணீரும் வைத்து, சாப்பிடு என்றான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். கேள்வி எல்லாம் நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில்தான்.

பங்குப்பறவை:

மூடியைத் தளர்த்தி வைத்தது… இதற்குமேல் நான் கிரேக்கம் பேசினால் அசிங்கமாக இருக்கும்.

இதை மட்டும் சேர்த்துவிடுகிறேன். 362-ஆம் ஆண்டுவாக்கில் ரோமப் பேரரசர் ஜூலியன், நமக்கு எதிரானவர்தான், பழைய தெய்வ வழிபாட்டைத் திரும்பக் கொண்டுவர முயன்றவர், தன் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் புலம்புகிறார்: இந்தக் கலிலேயர்கள் (நம்மைத்தான் அப்படிச் சொல்கிறார்) தங்கள் ஏழைகளை மட்டுமில்லாமல் நம் ஏழைகளையும் சேர்த்துத் தாங்குகிறார்கள், நம் ஆட்கள் கைவிட்டது வெளியே தெரிகிறது என்று. நம்முடைய பிரசங்கம் அவர் கண்ணில் படவே இல்லை. யார் யாருக்குச் சோறு போட்டார்கள் என்பதுதான் அவரை உறுத்தியது.

நெறியாளர்:

நல்ல இழை. பொதுவாக "கிறிஸ்தவம்" பகுதியில் பத்தாவது பதிவுக்குள் யாரையாவது தடைசெய்ய வேண்டி வரும், இன்றைக்குக் கை சும்மா இருக்கிறது. தொடருங்கள்.

பட்டயம்:

சரி, எல்லாம் படித்தாயிற்று. நடைமுறைக்கு வாருங்கள். புதிதாக வந்தவன் தப்பாகச் சொல்கிறான். சுற்றிலும் பன்னிரண்டு பேர் கேட்கிறார்கள், அவர்களும் அதை வசனம் என்று நம்பிப் போய்விடுவார்கள். அந்த நிமிடம் என்ன செய்ய? அமைதியாக இருந்தால் அதுவும் பொய்க்குத் துணை போவதுதானே.

மூன்றாம் வரிசை:

அப்பொல்லோ கதை அண்ணா, அப்போஸ்தலர் 18. பேச்சு வல்லவர், ஜெபஆலயத்தில் தைரியமாகப் பேசுகிறார், ஆனால் யோவானுடைய ஸ்நானத்துக்கு மேல் அவருக்குத் தெரியாது. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எழுந்து "எந்த அதிகாரம்?" என்று கேட்கவில்லை. அவரைச் "சேர்த்துக்கொண்டு" அதிக திட்டமாய் விவரித்துக் காண்பித்தார்கள் என்று இருக்கிறது. அந்த "சேர்த்துக்கொண்டு" என்பதை நான் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். பிறகு பவுலே, நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான் என்று எழுதுகிற அளவுக்கு அந்த ஆள் வளர்ந்தார்.

மற்ற பன்னிரண்டு பேருக்காக அங்கேயே சொல்ல வேண்டும் என்றால், "நல்ல பழமொழி தம்பி, நானும் ரொம்ப நாள் பைபிள்ல இருக்குன்னுதான் நினைச்சேன், தேடினப்புறம்தான் தெரிஞ்சது" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் உண்மையிலேயே அப்படி நினைத்திருந்தால் மட்டும், சும்மா அடித்துவிடக் கூடாது 😀

கடைசிப்பெஞ்சு:

உண்மையைச் சொன்னால் நானும் சின்ன வயதில் அப்படித்தான் நினைத்திருந்தேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

அவனுக்குச் செய்தி அனுப்பலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்:

"அன்புத் தம்பி, ஸ்தோத்திரம். அன்றைக்கு நான் கேட்டது உங்கள் மனதைப் புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும். உங்கள் வளர்ச்சிக்காகத்தான் கேட்டேன். புத்திமதிகளைத் தள்ளுகிறவன் தன் ஆத்துமாவை வெறுக்கிறான் என்று வேதம் சொல்கிறது. சபை கூடிவருதலை விட்டுவிடாதீர்கள். உங்களுக்காக ஜெபிக்கிறேன்."

ஒற்றைவிளக்கு:

அனுப்பாதீர்கள்!!

"புண்படுத்தியிருந்தால்" என்பதில் அந்த "இருந்தால்"-ஐ எடுங்கள். புண்பட்டிருக்கிறான், நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள். "வளர்ச்சிக்காகத்தான்" என்பதை எடுங்கள், அது மன்னிப்பு இல்லை, விளக்கம். வசனத்தை எடுங்கள், மன்னிப்புக் கேட்கிற கடிதத்திலேயே மறுபடி பிரம்பைக் காட்டுகிறீர்கள். "கூடிவருதலை"யும் வேண்டாம், அவன் வராததற்குக் காரணம் நீங்கள். "ஜெபிக்கிறேன்" இருந்தால் இருக்கட்டும், நிஜமாக ஜெபித்தால்.

கடைசிப்பெஞ்சு:

எல்லாவற்றையும் எடுத்தால் "அன்புத் தம்பி" மட்டும்தான் மிச்சம் 😅

ஊசியும்நூலும்:

அங்கிருந்து தொடங்குங்கள் அண்ணா. என்ன செய்தீர்கள் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பைபிளைக் கையில் கொடுத்தது, சிரித்தபோது தடுக்காதது. எல்லார் முன்பும் நடந்ததால் அடுத்த வாரம் எல்லார் முன்பும் சொல்லிவிடுங்கள், அவன் வந்தாலும் வராவிட்டாலும். சிரித்த மூன்று பேருக்கும் அது தேவை.

கடைசிப்பெஞ்சு (நான்கு நாள் கழித்து):

மூன்று வரிதான் அனுப்பினேன். "தம்பி, அன்றைக்கு எல்லார் முன்பும் பைபிளை உங்கள் கையில் கொடுத்துத் தேடச் சொன்னது தப்பு. மற்றவர்கள் சிரித்தபோது நான் நிறுத்தவில்லை, அதுவும் தப்பு. என்னை மன்னியுங்கள்." வியாழக்கிழமை கூடுகையில் ஆரம்பத்திலேயே இதைச் சொன்னேன். தொண்டை கட்டிக்கொண்டது. சிரித்தவர்களில் ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார், இன்னொருவர் கூடுகை முடிந்ததும் அவன் போன் நம்பரைக் கேட்டு வாங்கினார்.

இரண்டு நாளாக அவனிடமிருந்து பதில் இல்லை, படித்திருந்தான் என்று மட்டும் காட்டியது. இன்று காலை வந்தது, அப்படியே போடுகிறேன், அவனிடம் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன்:

"பரவாயில்லண்ணா. ஆனா ஒரு சந்தேகம், நிஜமாவே அது பைபிள்ல இல்லையா? அன்னைக்கு ராத்திரியே நீதிமொழிகள ஆரம்பிச்சேன், 31 அதிகாரமும் முடிச்சாச்சு. அப்புறம் பிரசங்கியா இருக்குமோன்னு அதையும் பாத்தேன். இப்ப யோபுல இருக்கேன்."

பட்டயம்:

பிரதர், நான் விசுவாசத்துக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. நீதிமொழிகளை ஒரே மூச்சில் முழுசாக வாசித்ததில்லை. தம்பி யோபுவில் எந்த அதிகாரத்தில் இருக்கிறான் என்று கேளுங்கள், நானும் அங்கிருந்து சேர்ந்துகொள்கிறேன்.